அனுபவப்பட்டவர்களுக்கு சைக்கிள் இதழ்களில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஜனவரி 6

கேள்வி இப்படி வந்தது: "பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியவனுக்கு சைக்கிள் இதழில் புதிதாக என்ன இருக்கிறது? சீட் உயரம், மலையேற்றம், குளிர்கால உடை, மறுபடியும் சீட் உயரம். அட்டைப்படம்தான் மாறுகிறது. சந்தாவை நிறுத்திவிட்டேன், எதையும் இழந்த மாதிரித் தெரியவில்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

மறுக்கிறேன். ஆனால் பாதியை ஒப்புக்கொண்ட பிறகுதான்.

சீட் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் 1967-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது உள்கால் நீளத்தில் 109 சதவீதம் என்ற கணக்கு. கிரெக் லெமாண்ட் பெயரோடு பரவியது உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கும் கணக்கு. முதலாவதை கீழே இறங்கி நிற்கும் பெடலிலிருந்து அளக்க வேண்டும், இரண்டாவதை பாட்டம் பிராக்கெட்டின், அதாவது பெடல் கைகள் சுழலும் அச்சு இருக்கும் இடத்தின், நடுவிலிருந்து. இந்த இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் போட்டு, எங்கிருந்து அளப்பது என்பதை மட்டும் விட்டுவிட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வரும் கட்டுரை, ஒவ்வொரு முறையும் அதே ஓட்டை. அனுபவப்பட்டவருக்கு எரிச்சல் வருவது நியாயம்.

ஆனாலும் அந்தப் பக்கம் நமக்காக எழுதப்பட்டதில்லை. போன மாதம் சைக்கிள் வாங்கியவருக்கு அது தேவைப்படுகிறது. அவரை மாதிரி ஆட்கள் ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதை விட்டுவிடலாம். மற்ற பக்கங்களில் நமக்கு என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். என்னிடம் பதில் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7

டயர்.

நான் ஓட்ட ஆரம்பித்தபோது ரோடு சைக்கிளுக்கு 23 மில்லிமீட்டர் டயர், 8 பார் காற்று (பார் என்பது காற்றழுத்த அளவு). இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கடினமாக இருந்தால் வேகம், மெலிதாக இருந்தால் வேகம். கையால் அமுக்கினால் கல் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஓட்டிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

ஜான் ஹைன் நடத்தும் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' என்ற சின்ன காலாண்டிதழ் 2006-இல் டயர்களை நிஜச் சாலையில் உருட்டி அளந்து வெளியிட்டது. அதுவரை பெரும்பாலான அளவீடு வழுவழுப்பான இரும்பு உருளையின் மேல் நடந்தது. உருளையில் டயர் மட்டும்தான் நெளிகிறது. சாலையில் சைக்கிளோடு சேர்ந்து ஓட்டுகிறவரின் உடம்பும் அதிர்கிறது, அந்த அதிர்வில் தசைகள் சக்தியை விழுங்குகின்றன. காற்றை ஏற்ற ஏற்ற டயரின் நெளிவு குறையும், உடம்பின் அதிர்வு கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் லாபத்தை நட்டம் தின்றுவிடும். நல்ல நெகிழ்வான டயர் என்றால் அகலமாக இருந்தும், காற்று குறைவாக இருந்தும் வேகம் குறையவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் தூங்கி வழியும் ஓட்டுநரை எழுப்பப் போட்டிருக்கும் வரிப்பள்ளங்கள் மேலேயே சைக்கிளை ஓட்டி, மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு வாட் கூடுகிறது என்றும் பார்த்தார்கள்.

இன்றைக்கு தொழில்முறைப் பந்தயங்களில் 28, 30 மில்லிமீட்டர் டயர் சாதாரணம். அந்தக் கட்டுரை வந்தபோது அதைச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார்? புதியவர்கள் சிரிக்கவில்லை, அவர்களுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. சிரித்தது நம்மைப் போன்றவர்கள்தான். அப்படிப் பார்த்தால் அந்த இதழ் யாரைவிடவும் அனுபவப்பட்டவருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. பழக்கம் இறுகிப்போனவருக்குத்தான் வெளியிலிருந்து யாராவது அளந்து காட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 7, இரவு

"ஹைன் டயர் விற்கிறவர் ஆயிற்றே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், ரெனே ஹெர்ஸ் சைக்கிள்ஸ் அவருடையது, அகலமான நெகிழ்வான டயர்களை விற்கிறது. இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் அளந்த முறையை வரி வரியாக எழுதியிருந்தார், யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கும்படி. மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். நான் ஓர் இதழிடம் கேட்பது இந்த அளவு நேர்மையைத்தான். விற்பனையே இல்லாத பரிசுத்தமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தால் படிக்க ஒன்றும் கிடைக்காது.

ஜனவரி 8

காற்று எவ்வளவு வைப்பது என்று கேட்டவருக்கு. பார் கணக்கு சொல்ல மாட்டேன், உங்கள் எடை எனக்குத் தெரியாது. 'பைசைக்கிளிங்' இதழில் நீண்ட காலம் தொழில்நுட்பப் பகுதி எழுதிய ஃபிராங்க் பெர்டோ அளந்து வைத்த 15 சதவீதக் கணக்கு, அதாவது ஆள் ஏறியதும் டயரின் உயரம் 15 சதவீதம் குறைய வேண்டும் என்ற கணக்கு, இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, ஆள் ஏறாமல், தரையிலிருந்து ரிம் விளிம்பு வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் ஏறி, ஓட்டும் நிலையிலேயே உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் அளக்கட்டும். முதலில் 28 மில்லிமீட்டர் என்றால் இப்போது சுமார் 24 இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்குத் தனியாக, பின் சக்கரத்துக்குத் தனியாக. பின்னால் எடை அதிகம் என்பதால் இரண்டிலும் ஒரே காற்று வைக்கும் பழக்கம் சரியாக வராது.

அங்கிருந்து கொஞ்சம் கூட்டிக் குறைத்து உங்கள் சாலைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 12

சோதனை அறிக்கைகளைப் பற்றி. இதில் கேள்வி கேட்டவரோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், கோபமும் இருக்கிறது.

சைக்கிள் கைக்கு வந்து சில வாரம் ஓட்டி, பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடுவார்கள். எட்டுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்? மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. ஓட்டியவரின் உயரம், எடை என்ன? தராசில் வைத்த எடை போட்டிருக்கிறார்களா, இல்லை நிறுவனம் சொன்னதா? டயரின் பக்கத்தில் அச்சிட்ட அகலமா, காலிப்பரால் அளந்த அகலமா? அப்புறம், ஓட்டியவர் எதைக் குறை சொல்கிறார்? குறையே இல்லாத அறிக்கையை மூடி வைத்துவிடுவேன்.

ஜெர்மனியின் 'டூர்' இதழ் இந்த விஷயத்தில் தனி ரகம். சைக்கிளின் சட்டத்தை (ஃபிரேமை) ஆய்வக மேசையில் பூட்டி, எடை ஏற்றி, எவ்வளவு வளைகிறது என்று அளந்து எண்ணாகப் போடுவார்கள். காற்றுச் சுரங்கத்தில் மிதிக்கும் கால்களோடு பொம்மையை உட்காரவைத்துப் பார்ப்பார்கள். "மலையில் துள்ளிப் பாய்கிறது" என்ற வர்ணனையை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு சட்டங்களின் வளைவு அளவை அடுத்தடுத்து வைத்தால் நானே முடிவு செய்துகொள்வேன். அந்த மாதிரி மேசை என் வீட்டில் இல்லை, உங்கள் வீட்டிலும் இருக்காது. இதழ் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆனால் ஆய்வக மேசையாலும் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது: காலம். என் சட்டம் ஒன்றில் அழுத்திப் பொருத்தும் வகை பாட்டம் பிராக்கெட். வாங்கும்முன் கிடைத்த எல்லா அறிக்கையையும் படித்தேன், எல்லாவற்றிலும் பாராட்டு. முதல் மழைக்காலம் முடிந்ததும் சத்தம் ஆரம்பித்தது. வலது பெடலை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் ஒரு 'டிக்'. பெடலைக் கழற்றி கிரீஸ் தடவினேன், போகவில்லை. சீட் போஸ்ட்டை எடுத்துத் துடைத்தேன், செயின்ரிங் போல்ட்டுகளை இறுக்கினேன், போகவில்லை. கடைசியில் பேரிங் கிண்ணத்தைத் தட்டி வெளியே எடுத்துப் பார்த்தபோது சட்டத்தின் துளை ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. துளையின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாத இடம் அது. விற்றவரிடம் கேட்டால் "அது அப்படித்தான்" என்றார்.

மூன்று வாரம் ஓட்டியவருக்கு இந்தச் சத்தம் கேட்க வாய்ப்பே இல்லை. அதனால்தான் அழுத்திப் பொருத்தும் வகை வந்த காலத்தில் "எடை குறைவு, உறுதி அதிகம்" என்றே எல்லா இடத்திலும் படித்தோம். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்ற, திருகிப் பொருத்தும் பழைய பிரிட்டிஷ் அளவு எத்தனையோ பத்தாண்டு ஓடியது. இப்போது பல நிறுவனங்கள் அதற்கோ டி47 என்ற பெரிய மரைக்கோ திரும்பிவிட்டன. அந்தத் திருப்பத்துக்கு மெக்கானிக்குகளின் புலம்பலும் ஓட்டிகளின் புலம்பலும்தான் காரணம் என்பது என் கணிப்பு. அறிக்கைகள் அதில் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன.

ஜனவரி 13

செயின் தேய்மானம் பற்றிப் பேச்சு போகிறது, சரி, சுருக்கமாக. செயினின் கண்ணிகளை இணைக்கும் பின்களில் (ஊசிகளில்) அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே அரை அங்குலம். அங்குல ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழ வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. 11, 12 கியர் செயினை அந்த இடத்தில் மாற்றிவிடுங்கள், கேசட் (பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) பிழைக்கும். செயினை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும், தொங்கலாக விட்டால் கணக்கு தப்பும்.

இதை எங்கே படித்தேன் என்றால், இதழின் கடைசிப் பக்கத்து மெக்கானிக் கேள்வி பதிலில்தான்.

ஜனவரி 17

"அளவீடு வேண்டும் என்றால் இணையத்திலேயே இலவசமாக இருக்கிறதே, இதழ் எதற்கு?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

உண்மைதான். டயரின் உருள் தடையை மட்டும் அளக்க 'பைசைக்கிள் ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' என்ற தளம் இருக்கிறது, ஒரே இயந்திரம், ஒரே முறை, நூற்றுக்கணக்கான டயர். செயின் எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து 'ஜீரோ ஃபிரிக்‌ஷன் சைக்கிளிங்'. மெக்கானிக் வேலைக்கு ஷெல்டன் பிரவுன் எழுதி வைத்தவை. அவர் 2008-இல் போய்விட்டார், ஆனால் பழைய ஃபிரீவீல் மரை அளவு தேடும்போதெல்லாம் இன்றும் அங்கேதான் போய் நிற்கிறேன். எந்த இதழும் இவற்றோடு போட்டியிட முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஃபிரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ்' என்று ஒரு சின்ன ஆய்வகம் இருந்தது. எந்த எண்ணெய் போட்டால் செயின் எத்தனை வாட் தின்கிறது என்று அளந்தார்கள், 'வேலோநியூஸ்' இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது, விஷயம் பரவியது. மெழுகு போட்ட செயின் இன்று இவ்வளவு பேச்சாக இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 2016-இல் பேரிங் விற்கும் செராமிக்ஸ்பீடு அந்த ஆய்வகத்தை வாங்கிக்கொண்டது. தனி ஆளாக அளப்பவரை நாளைக்கு ஒரு நிறுவனம் வாங்கலாம், அல்லது அவரே களைத்துப்போகலாம். அப்போது அந்த எண்களைத் திரும்பக் கேள்வி கேட்க, வேறு யாரையாவது வைத்து அளக்கச் செய்ய, சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர் குழு எங்காவது இருக்க வேண்டும்.

அந்தக் குழுவுக்கு யார் சம்பளம் கொடுப்பது? இதுதான் சிக்கல். 1989-இல் தொடங்கிய 'டர்ட் ராக்' 2020-இல் நின்றது. 'பைக்' இதழும் அதே வருடம். 'சைக்கிளிங்டிப்ஸ்' என்ற இணையதளம் 2021-இல் அவுட்சைட் நிறுவனத்தின் கைக்குப் போனது, 2022 கடைசியில் ஆட்குறைப்பு. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் 2023-இல் 'எஸ்கேப் கலெக்டிவ்' என்று ஆரம்பித்தார்கள், விளம்பரத்தை நம்பாமல் உறுப்பினர் கட்டணத்தில். கேள்வி கேட்டவர் "சந்தாவை நிறுத்தினேன், எதையும் இழக்கவில்லை" என்றார். விளம்பரத்தில் ஓடும் இதழ் என்றால் சரி. வாசகர் காசில் ஓடும் இதழை நிறுத்தினால், மெதுவாக, நமக்கே தெரியாமல், அளப்பவர்களை இழக்கிறோம்.

ஜனவரி 18

விளம்பரம், சுயலாபம் என்று நேற்று எழுதியதிலிருந்து மனம் பழைய காலத்துக்குப் போய்விட்டது. சைக்கிள் பத்திரிகை எப்போதாவது லாப நோக்கம் இல்லாமல் இருந்திருக்கிறதா?

டூர் டி பிரான்ஸே பத்திரிகை விற்கப் பிறந்ததுதான். பச்சைத் தாளில் வந்த 'ல வேலோ'வை வீழ்த்த வேண்டும் என்று மஞ்சள் தாளில் வந்த 'லோட்டோ' 1903-இல் பந்தயத்தைத் தொடங்கியது. அடுத்த வருடமே 'ல வேலோ' மூடப்பட்டது. இத்தாலியில் 1909-இல் ஜீரோ டி இத்தாலியா (Giro) பந்தயத்தைத் தொடங்கியது ரோஜா நிறத் தாளில் வரும் 'கஸெட்டா தெல்லோ ஸ்போர்ட்'. இந்தப் பந்தயங்களில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையும் ரோஜாச் சட்டையும் அந்தத் தாள்களின் நிறங்கள்தான்.

இன்னொரு பக்கம் பிரான்ஸின் செந்த்-எத்தியேன் நகரில் பால் த விவி, வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். 1887-இலிருந்து 'ல சிக்லிஸ்த்' என்ற இதழை நடத்தினார். மலைகளில் தானே ஏறிப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதினார். 'லோட்டோ'வின் ஆசிரியர் ஹென்றி தெக்ரான்ஜ் ஒற்றை கியரின் பக்கம். ஆணின் பலத்தைச் சோதிக்கும் பந்தயத்தில் இயந்திர உதவி எதற்கு என்பது அவர் கட்சி. டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் டெரெய்லரை அனுமதித்தது 1937-இல். வெலோசியோ 1930-இலேயே இறந்துவிட்டார்.

பெரிய பத்திரிகையை மட்டும் படித்த அனுபவசாலி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்ற வேண்டும் என்று அத்தனை காலமும் நம்பியிருப்பார். வெலோசியோவும் சைக்கிள் விற்றவர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஹைன் டயர் விற்கிறார் என்று எழுதியவருக்கு என் முழுப் பதில் இது: ஒரு விஷயத்தை நம்பி, அளந்து, எழுதி, அப்புறம் அதை விற்பவர் ஒரு வகை. விளம்பரம் யார் கொடுக்கிறார்களோ அந்த மாதம் அதை நம்புபவர் இன்னொரு வகை. முதல் வகையினரின் சார்பு எப்போதும் ஒரே பக்கம் இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

ஜனவரி 19

பெயர் உச்சரிப்புகளைத் திருத்தி எழுதியவருக்கு நன்றி. பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் பழைய 'ல சிக்லிஸ்த்' பக்கங்களைப் படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜனவரி 24

தேடுபொறி பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும். கேட்கத் தோன்றாததை யார் சொல்வது?

நீண்ட தூரம் ஓட்டிய பிறகு என் இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட முடியாது, அடுத்த நாள் சரியாகிவிடும். நீளமாக ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பருவம் முழுக்க விட்டிருந்தேன். நோய் என்றே நினைக்காததை எப்படித் தேடுவேன்? ஓர் இதழில் சக்கரங்களின் ஒப்பீட்டைப் படிக்கப் புரட்டியபோது எதிர்ப்பக்கத்தில் நெடுந்தூர ஓட்டிகளின் கை பற்றி ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் ஓரமாக, அல்நார் நரம்பு ஒரு குறுகிய சந்து வழியாகப் போகிறது. ஹேண்டில்பாரில் உடம்பின் பாரம் அந்த இடத்திலேயே விழுந்தால் நரம்பு நசுங்கும். அதே நிலையில் தொடர்ந்தால் விரல்களின் பலமே குறையலாம்.

அவர் சொன்ன தீர்வு ஹேண்டில்பார் டேப்பைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தேன். சீட்டைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கும் வேலை கைக்கு வந்துவிடும். போய் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், என் சீட் தெளிவாக முன்னால் சரிந்திருந்தது. நிமிர்த்தினேன், பிரேக் ஹுட்டை (பிரேக் லீவரின் மேல் இருக்கும் கைப்பிடியை) கொஞ்சம் மேலே திருப்பி மணிக்கட்டு மடங்காமல் செய்தேன். சில வாரங்களில் மரப்பு போய்விட்டது.

எத்தனை வருட அனுபவம் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம், நான் தேடியே போகாத விஷயம். எதிரெதிர்ப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஓர் ஆசிரியர் யோசித்ததால் என் கண்ணில் பட்டது.

ஜனவரி 25

வீடியோ போதும் என்பவர்களுக்கு: ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றுவதற்கு வீடியோதான், படம் போட்ட கட்டுரை பக்கத்தில்கூட நிற்காது. ஒப்பீட்டு அட்டவணைக்கு வீடியோ ஆகாது. இதில் பேச வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 2

'எப்படிச் செய்வது' வகைக் கட்டுரைகள் நமக்காக இல்லை என்று முதல் நாள் எழுதினேன். அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். வயது ஏறிய உடம்பு விஷயத்தில் நாம் எல்லோரும் புதியவர்கள்தான்.

சாப்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு சுமார் 60 கிராம்தான் உள்ளே விடும் என்பது நெடுங்காலம் மேல்வரம்பாக இருந்தது. பிரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போகிறது, இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம் என்று ஆய்வுகள் காட்டின. இப்போது தொழில்முறை ஓட்டிகள் 120 என்கிறார்கள். பழைய கணக்கிலேயே நிற்கும் பழைய ஓட்டிகள் நிறைய உண்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் தலை சுற்றுவதை வயதின் மேல் போடுவார்கள்.

எலும்பு இன்னொன்று. சைக்கிள் ஓட்டும்போது எலும்பின் மேல் எடை விழுவதில்லை. வருடக்கணக்கில் ரோடு சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களின் முதுகெலும்பு, இடுப்பு அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதயம் இரும்பு மாதிரி, இடுப்பெலும்பு கண்ணாடி மாதிரி. இதை நான் தெரிந்துகொண்டது ஓர் இதழின் நீண்ட கட்டுரையில். அதற்குப் பிறகுதான் எடை தூக்க ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை. ஒரு பருவத்துச் சந்தாவுக்கு அது ஒன்றே போதும்.

என் வருத்தம் என்னவென்றால் இந்த மாதிரிக் கட்டுரைகள் அபூர்வம். அட்டையில் இருபத்தைந்து வயது ஓட்டி, உள்ளே இருபத்தைந்து வயதுக்கான பயிற்சி. நெடுநாள் சந்தாதாரர்களில் எத்தனை பேருக்கு அந்த வயது? அனுபவப்பட்டவர்கள் விலகிப்போகிறார்கள் என்று புலம்பும் ஆசிரியர்கள் முதலில் இதைத்தான் திருத்த வேண்டும்.

பிப்ரவரி 5

ஹூக்லெஸ் ரிம் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு. ரிம்மின் உட்புறத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத வகை. இதற்கு ஐரோப்பிய டயர் தர அமைப்பு வைத்த மேல்வரம்பு 5 பார். அந்த ரிம்முக்குச் சரி என்று நிறுவனம் சொன்ன டயரை மட்டுமே போட வேண்டும், அகலப் பொருத்தமும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யூஏஇ டூர் பந்தயத்தில் தொழில்முறை ஓட்டி தாமஸ் டி கென்ட்டின் டயர் ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்த பிறகு விவாதம் பெரிதானது.

இங்கேதான் இதழ்கள் மேல் எனக்குப் பெரிய குறை. ஹூக்லெஸ் சக்கர அறிக்கைகளில் எடை முதல் வரியில் இருக்கும், காற்றின் மேல்வரம்பு கடைசிப் பத்தியில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. 8 பார் ஊதிப் பழகிய பழைய கைக்கு அந்த வரம்பு தெரியாமல் போனால் என்ன ஆகும்? புதியவர் பெட்டியில் இருக்கும் காகிதத்தைப் படிப்பார். நாம் படிக்க மாட்டோம், தெரியும் என்று நினைப்போம். வரம்பைப் பெரிய எழுத்தில், எடைக்கும் மேலே, போடுங்கள்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மாத இதழ்கள் இரண்டையும் நிறுத்தியது நிறுத்தியதுதான், வாசகர் காசில் ஓடும் ஒன்றை ஒரு வருடம் எடுத்துப் பார்க்கிறேன் என்கிறார். எனக்கு அதில் சண்டை இல்லை. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்திருக்கிறேன்: ஒரு காலாண்டிதழ், உறுப்பினர் கட்டணத்தில் ஓடும் ஒன்று, மற்றவற்றை நூலகத்தில் புரட்டுவது. நூலகத்தில் புரட்டும்போது மெக்கானிக் கேள்வி பதிலிலிருந்து ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னால் வருகிறேன்.

எந்த இதழும் இதுவரை சரியாகச் செய்யாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, அதை நாமே தொடங்கலாம். டி47 மரை பாட்டம் பிராக்கெட்டை மழையிலும் சேற்றிலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள், சத்தம் வந்ததா, எப்போது வந்தது, கழற்றிப் பார்த்தபோது மரை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பேரிங் மாற்றியிருந்தால் எந்தத் தேதி என்பதும் வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகையில் சத்தமே இல்லாமல் ஓடியவர்களும் கட்டாயம் எழுத வேண்டும், அவர்கள் பேசாமல் இருந்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.